சென்னைக் கொல்லையில் மலைப்பழ மரங்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் உள்ள கல்லாறு, பர்லியாறு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் காய்த்து நிற்பதைப் பார்த்தவர்கள், ஊர் திரும்பும்போது ஒரு கன்றையாவது வாங்கி வராமல் இருப்பதில்லை. கீழ்ப்பழனி மலையின் வெண்ணெய்ப்பழம் (அவகேடோ, பட்டர் ஃப்ரூட் என்று விற்கப்படுவது), குடகின் கமலா ஆரஞ்சு, கேரள நர்சரிகளின் ரம்புட்டான் ஒட்டு என்று இப்படிச் சென்னைக்கு வந்து சேரும் கன்றுகள் பல. மார்கழியிலும் தையிலும் செழிப்பாக நிற்கும் அந்தக் கன்று பங்குனியில் இலை கருகத் தொடங்கியதும், பெரும்பாலோர் முதலில் செய்வது உரம் வைப்பதுதான். அந்த உரம் பெரும்பாலும் கேட்டை விரைவுபடுத்தவே செய்கிறது.

சென்னையில் இம்மரங்கள் நலிவதற்குச் சத்துக் குறைவு அரிதாகவே முதற்காரணம். வெயில், உப்பு, தேங்கும் நீர், வறண்ட மேற்குக் காற்று ஆகிய நான்கும்தான் முதலில் ஐயப்பட வேண்டியவை. இந்த நான்கும் ஒரே வீட்டு மனையில்கூட எல்லா மூலையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வீட்டின் கிழக்குப் பக்கம் பிற்பகல் நிழலில் குளிர்ந்திருக்கும்போது, மேற்கு மதில் சுவரை ஒட்டிய மண் இரவிலும் சூடு விடாமல் இருக்கும். எனவே மரத்துக்கு என்ன குறை என்று கேட்பதற்கு முன், மரம் நிற்கும் இடத்துக்கு என்ன குறை என்று கேட்க வேண்டும் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

எந்த அறிகுறியைக் கண்டாலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த மாதத்தில் தொடங்கியது? மரத்தின் எந்தப் பக்கத்தில் மிகுதியாக இருக்கிறது? கொழுந்திலா, முதிர்ந்த இலையிலா? இந்த மூன்று விடைகளும் கையில் இருந்தால், கீழே சொல்லப்படும் பிழைகளுள் பெரும்பாலானவற்றை மண் பரிசோதனைக்குப் போகாமலேயே பிரித்தறிந்துவிடலாம். கருவிகள் என்று பார்த்தால், ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கும் வீடுகளில் வழக்கமாக இருக்கும், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறிய டி.டி.எஸ். மீட்டரும், இலை மட்டத்தில் நிழலில் தொங்கவிட ஒரு வெப்பமானியும், மண்ணில் இரண்டடி ஆழம் குத்திப் பார்க்க ஓர் இரும்புக் கம்பியும் போதுமானவை.

முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுகின்றன

சென்னையில் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அறிகுறியே. இலையின் நுனியில் பழுப்பு தொடங்கி, இரு ஓரங்களிலும் கீழ்நோக்கி இறங்கி, நடுப்பகுதி மட்டும் பச்சையாக நிற்கும்; அடிக்கிளைகளின் பழைய இலைகளில் முதலில் தோன்றும்; மரத்தின் எல்லாப் பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்; மாசி, பங்குனியில் தொடங்கி ஆவணி வரை மிகுந்துகொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வரும் புது இலைகள் மாசுமருவின்றி இருந்து, அடுத்த கோடையில் அவையும் அதே வழியில் கருகினால், காரணம் உப்பு என்று ஏறத்தாழ உறுதியாகவே கொள்ளலாம். மழை வேர்மண்டலத்தைக் கழுவிக் கொடுத்த மாதங்களில் மரம் தேறுகிறது; போர் தண்ணீரையே நம்பிய மாதங்களில் உப்பு மீண்டும் சேர்கிறது.

இந்தப் பழமரங்களுள் வெண்ணெய்ப்பழம்தான் உப்புக்கு, குறிப்பாகக் குளோரைடுக்கு, மிகவும் இடங்கொடாதது. பாசன நீரின் டி.டி.எஸ். 500ஐ நெருங்கினாலே அதன் இலை நுனி கருகத் தொடங்கிவிடும். ரம்புட்டானும் மங்குஸ்தானும் இதில் பெரிதும் மேம்பட்டவை அல்ல. தென்னையும் சப்போட்டாவும் அதே தண்ணீரில் செழித்திருப்பதை வைத்து நீர் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. அவை உப்பைத் தாங்கும் மரங்கள். உங்கள் போர் தண்ணீரைச் சித்திரையில் ஒரு முறையும் தையில் ஒரு முறையும் மீட்டரில் அளந்து பாருங்கள். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் இறங்கும் கோடையில் அந்த எண் வெகுவாக ஏறக்கூடும்.

முதலில் நிறுத்த வேண்டியவை சில உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த நீரில் உள்ளே போன நீரைவிட உப்பு அதிகம் என்பதால், வீட்டைக் கழுவ அதைப் பயன்படுத்தலாமே தவிர இம்மரங்களின் பக்கம் கொண்டு போகக் கூடாது. பொட்டாஷ் தேவைப்படும்போது மூரியேட் ஆஃப் பொட்டாஷைத் தவிர்த்து, குளோரைடு இல்லாத சல்பேட் ஆஃப் பொட்டாஷையே இட வேண்டும். தென்னை நார்க்கழிவை மூடாக்காகவோ (மண்ணின் மேல் பரப்பும் போர்வையாகவோ) கலவையாகவோ சேர்ப்பதாக இருந்தால், நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். கழுவாத நார்க்கழிவிலேயே உப்பு இருக்கிறது.

அடுத்தது நல்ல நீரைத் தேடுவது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் ஒரு குழாயை மட்டும் தனித் தொட்டிக்கோ சம்புக்கோ திருப்பிவிட்டால், 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே 900 லிட்டர் அளவுக்கு உப்பில்லா நீர் கிடைக்கும். இளங்கன்று ஒன்றுக்கு இரண்டு நாளுக்கொரு முறை 10 லிட்டர் என்று கொண்டால், பங்குனி முதல் ஆனி வரையிலான நான்கு மாதத்துக்கு 600 லிட்டர் தேவைப்படும். மூடியிட்டு, கொசு புகாமல் காத்து வைத்தால் ஒரு நல்ல மழையே அதற்குப் போதும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் ஏறத்தாழ உப்பற்றதே. ஈரப்பதம் மிகுந்த சென்னைக் காற்றில் ஓர் இரவில் பல லிட்டர் சேரும் அந்த நீரைச் சாக்கடையில் விடுவது எனக்குப் பெரும் வீணாகவே படுகிறது. முழுப் பாசனத்துக்கும் நல்ல நீர் இல்லாதவர்கள் அதையும் போர் தண்ணீரையும் கலந்து, கலவையின் எண்ணை மீட்டரில் பார்த்து ஊற்றலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உப்பை வெளியேற்ற, வடிகால் நன்றாக உள்ள மண்ணில் மட்டும், நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றுவதை விட்டு, இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். மேலாக நனைத்துக் காயவிடும் ஒவ்வொரு முறையும் நீர் ஆவியாகிப் போக, உப்பு வேர்மட்டத்திலேயே தங்கிவிடுகிறது. உச்சி வெயிலில் இலைமேல் போர் தண்ணீரைத் தெளிப்பதும் வேண்டாம். துளி காய்ந்த இடத்தில் உப்பு படிந்து இலையே கருகும்.

புதிதாகக் கன்று வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெண்ணெய்ப்பழத்தில் மெக்சிகன், குவாதமாலன், மேற்கிந்தியத் தீவு என்று மூன்று இனங்கள் உண்டு. இவற்றுள் தாழ்நிலத்து வெப்பத்தையும் ஓரளவு உப்பையும் தாங்குவது மேற்கிந்தியத் தீவு இனமே. கடையில் பெயர் பெற்ற ஹாஸ் ரகத்தை அதிக விலை கொடுத்து வாங்கி வந்து சென்னையில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழ்ப்பழனி மலையின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியிடப்பட்ட டி.கே.டி. 1 நல்ல ரகம்தான். ஆனால் அது மலைக்கு உரியது. பொல்லாக் போன்ற மேற்கிந்தியத் தீவு இன ரகத்தையோ, அந்த இனத்தின் விதைக்கன்றின்மேல் ஒட்டுக்கட்டிய கன்றையோ கேட்டு வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர்ச்செடி எந்த இனம் என்று நர்சரிக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால், வேறு நர்சரியைப் பார்ப்பது நல்லது.

இலையின் நடுவில் வெளிறிய வெந்த தழும்பு, பட்டையில் வெடிப்பு

நுனி நன்றாக இருக்க, வானத்தைப் பார்த்த இலைப்பரப்பின் நடுவில் மட்டும் வெளுத்துப் பின் காகிதம்போல் காய்ந்த தழும்பு விழுந்தால், அது உப்பு அன்று, வெயில். இது மரத்தின் மேற்கு, தென்மேற்குப் பக்கங்களில் மிகுந்தும் கிழக்கில் குறைந்தும் இருக்கும். மே 4 முதல் 28 வரையிலான அக்கினி நட்சத்திர நாட்களிலோ அதையொட்டியோ தொடங்கும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அத்தகைய நாளில் வெள்ளையடித்த மேற்கு மதிலுக்கு முன் நிற்கும் இலை, நேரே விழும் வெயிலோடு சுவர் திருப்பி அனுப்பும் வெயிலையும் சேர்த்து வாங்குகிறது.

மங்குஸ்தானுக்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நிழல் இல்லாமல் முடியாது. கேரளத்தின் சாலக்குடி ஆற்றங்கரைத் தோப்புகளில் அது தென்னைக்கும் ஜாதிக்காய்க்கும் இடையில்தான் வளர்கிறது. சென்னையில் வீட்டின் கிழக்குப் பக்கம், அதாவது பிற்பகல் ஒரு மணிக்குப் பின் கட்டடத்தின் நிழல் விழும் இடமே இம்மரங்கள் எல்லாவற்றுக்கும் முதல் தேர்வு. ஏற்கெனவே வேறு இடத்தில் நட்டுவிட்டவர்கள், மேற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வாழைக் கன்றுகளை நெருக்கமாக வைத்தால், ஓராண்டுக்குள் நிழலும் கிடைக்கும், அடியில் காற்றின் ஈரமும் கூடும். அதுவரை 50 சதவீத நிழல்வலையை மேலேயும் மேற்கிலும் கட்டுங்கள்; கிழக்கைத் திறந்தே விடுங்கள். பட்டை வெடிப்பதற்கு, நீற்றுச் சுண்ணாம்பை நீரில் கரைத்து அடிமரத்திலும் வெயில் படும் பெரிய கிளைகளிலும் மாசி மாதமே பூசிவிடுவது போதுமானது.

கொழுந்து மட்டும் ஓரிரு நாளில் சுருண்டு கருகுகிறது

முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றும் ஆகாமல், அப்போதுதான் விரிந்த மென்மையான தளிர் மட்டும் திடீரென்று ஓரம் காய்ந்து சுருண்டால் காற்றைச் சந்தேகியுங்கள். மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று வலுக்கும் நாட்களில், நண்பகலையொட்டி வர வேண்டிய கடற்காற்று மாலை வரை தள்ளிப்போகும். சில நாள் வராமலே போகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் கடற்காற்று எப்போதுமே தாமதமாகத்தான் சேருகிறது. ஆகவே பெசன்ட் நகரில் தளிர் தப்பும் அதே வாரத்தில் அங்கே ரம்புட்டான் தளிர் முழுதும் கருகுவதில் வியப்பில்லை. மேற்குப் பக்கத்தில் உயரமான உயிர்வேலியோ இரட்டை நிழல்வலையோ அமைப்பதுதான் தீர்வு. கூடுதல் நீர் ஊற்றுவது அன்று. வேர் எவ்வளவு உறிஞ்சினாலும் அந்தக் காற்று இழுக்கும் வேகத்துக்கு இளந்தளிரால் ஈடுகொடுக்க இயலாது.

கருகல் ஒரு பக்கத்தில், அதுவும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் இருந்தால் சுற்றிப் பாருங்கள்: பக்கத்து வீட்டு ஏ.சி.யின் வெளி யூனிட் அந்த மட்டத்தில் சூடான காற்றை ஊதிக்கொண்டிருக்கலாம். யூனிட்டுக்கு முன் காற்றைத் திருப்பிவிடும் தகடு ஒன்றை வைக்க அவர்களிடம் கேட்டுப் பெறுவது, மரத்தைப் பெயர்த்து நடுவதைவிட எளிது.

கருகல் கிழக்குப் பக்கத்தில் மட்டும், முதிர்ந்த இலையிலும் சேர்ந்து, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வீட்டில் ஏற்பட்டால் அது கடலிலிருந்து காற்றோடு வரும் உப்புத் துவலை. மேலே சொன்ன கிழக்குப் பக்க விதி இங்கே அப்படியே பொருந்தாது. முன்னால் புன்னையோ பூவரசோ உயர்ந்து நின்றால்தான் பின்னால் மலைப்பழம் நிற்கும். இவ்விரண்டும் கடலோரத்துக்கே உரிய மரங்கள் என்பதால் உப்புக் காற்றைப் பொருட்படுத்துவதில்லை.

மண் ஈரமாக இருந்தும் இலைகள் தொங்குகின்றன

இந்த அறிகுறியில் காலம் கடத்தக் கூடாது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்குப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் ஆகிய பகுதிகளின் களிமண்ணிலும், வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கத்தில் பாறைக்கு மேல் மெல்லிதாக இருக்கும் மண்ணிலும் அந்த நீர் இறங்க வழியில்லை. இலை தொங்குவதைப் பார்த்து வறட்சி என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவது மரத்தைக் கொன்றுவிடும்.

கம்பியை அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளிக் குத்தி எடுங்கள். நுனியில் சேறு ஒட்டி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேருக்குக் காற்று இல்லை. பின்னர் மேல்மண்ணைக் கையால் விலக்கி, மூடாக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய வேர்களைப் பாருங்கள். வெளுத்து உறுதியாக இருந்தால் மரம் பிழைக்கும். நீரை வடித்துவிட்டாலே போதும். கறுத்து, விரலால் இழுத்ததும் தோல் உரிந்து நூல்போல் உள்தண்டு மட்டும் கையோடு வந்தால், வேரழுகல் நோய் பிடித்துவிட்டது. வெண்ணெய்ப்பழத்தில் இதை உண்டாக்குவது ஃபைட்டாஃப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர்; நீர் தேங்கிய மண்ணில் அதன் வித்துகள் நீந்தியே வேருக்கு வேர் பரவும். இலைகள் சிறுத்து வெளிறுவதும், உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து இறங்குவதும் இந்நோய் முற்றியதற்கு அடையாளம்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியின் கரையை உடைத்து, தாழ்ந்த பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றுங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிந்திருக்கும் மண்ணையும் மூடாக்கையும் ஒரு சாண் தூரம் விலக்கி, ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் தெரியும்படி செய்யுங்கள். உரம் எதையும் தொடாதீர்கள். வேரழுகல் உறுதியானால், மெட்டலாக்ஸில் அடங்கிய பூஞ்சாணக்கொல்லியையோ பொட்டாசியம் பாஸ்போனேட்டையோ அதன் உறையில் குறிப்பிட்ட அளவில், வேளாண் அலுவலரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைத் தொழுவுரத்தில் கலந்து இடுவது நோய் வராமல் தடுக்கப் பயன்படும். வந்த பின் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இந்தச் சிக்கலின் வேர் பெரும்பாலும் நட்ட முறையில்தான் இருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடி குழி தோண்டி, செம்மண்ணும் மணலும் எருவும் நிரப்பி நடுவது மணற்பாங்கான இடத்துக்கு நல்ல முறை. களிமண்ணில் அதே குழி, அடைப்பு வைத்த சிமெண்டுத் தொட்டியைப்போல் சுற்றுப்புறத்து நீரையெல்லாம் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். களிமண் வீட்டில் குழியே வேண்டாம். நிலமட்டத்துக்கு மேல் இரண்டடி உயரமும் ஆறேழு அடி அகலமும் உள்ள மேடு அமைத்து, அதன் உச்சியில் நடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவே நீரில் நின்ற பகுதிகளில் இரண்டடி மேடும் போதாது என்பது உண்மைதான். அங்கே வெண்ணெய்ப்பழத்தை விட்டுவிடுவதே நலம்.

மொட்டை மாடியில் கறுப்புப் பையில் வைத்த செடிக்கு, மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் மட்டும் இலை தொங்கி, மாலையில் நிமிர்ந்தால், அது அழுகல் அன்று. பையின் மேற்குப் பக்க வேர்கள் வெந்துகொண்டிருக்கின்றன. பையைத் தரையிலிருந்து உயர்த்தி, வெள்ளைத் துணியால் சுற்றி, பெரிய தொட்டிக்குள் இறக்கிவையுங்கள்.

கொழுந்து மஞ்சளாகவும் அதன் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறது

இது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாததால் அன்று, சுண்ணாம்பு மிகுந்ததால் வேர் அதை எடுக்க முடியாமல் போவதால் வருவது. கிளிஞ்சல் கலந்த கடலோர மணலிலும், வீடு கட்டியபோது காரையும் சிமெண்டும் கொட்டிப் புதைத்த மதில் ஓரத்திலும் இது கட்டாயம் வரும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்டை) மண்ணில் இட்டால் அதையும் அந்தச் சுண்ணாம்பு கட்டிவிடும். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும். மண்ணிலேயே இடுவதானால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புக் கீலேட் மட்டும்தான் சுண்ணாம்பு மண்ணில் நிலைக்கும். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை அங்கே நிலைப்பதில்லை. மஞ்சள் கொழுந்தில் அல்லாமல் பழைய இலையில் சீராகப் பரவியிருந்தால்தான் தழைச்சத்துக் குறைவு. உரம் வைக்க வேண்டிய இடம் அது.

இலைமேல் கரி படிந்ததுபோல் கறுத்திருக்கிறது

மேலே தென்னை இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் கண்டறியப்பட்டு, பிறகு மாநிலமெங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ, தென்னை ஓலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சொட்டுகிறது. கீழே நிற்கும் மரத்தின் இலையில் அது விழ, அதன்மேல் கரும்பூஞ்சாணம் வளர்கிறது. பூஞ்சாணம் இலையைத் துளைப்பதில்லை, வெளிச்சத்தை மறைக்கிறது. லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் ஏடு ஏடாக உரிந்து விழும். பூச்சிக்கொல்லி அடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்னும் சிறு குளவியும் அதனால் செத்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைத் தென்னையில் கட்டுவது உதவும்.

பூக்கிறது, ஆனால் காய் பிடிப்பதில்லை

வெண்ணெய்ப்பழத்தின் ஒவ்வொரு பூவும் இரு முறை திறக்கும். முதல் முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஏ வகை ரகங்களில் காலையில் பெண்ணாகத் திறந்த பூ மறுநாள் பிற்பகலில் ஆணாகும். பி வகையில் பிற்பகலில் பெண்ணாகத் திறந்தது மறுநாள் காலையில் ஆணாகும். ஹாஸ் ஏ வகை. ஃபுவர்டேயும் பொல்லாக்கும் பி வகை. ஒற்றை மரம் நிறையப் பூத்தும் காய் மிகக் குறைவாக இருந்தால், மற்ற வகை மரம் ஒன்றை அருகிலோ, இடமில்லையென்றால் அதே மரத்தின் ஒரு கிளையில் ஒட்டாகவோ வைப்பதுதான் வழி. காய் பிடித்து, பட்டாணி அளவில் மார்ச், ஏப்ரலில் உதிர்ந்தால் அது மகரந்தக் குறை அன்று. வெயிலும் ஈரத்தின் ஏற்றத்தாழ்வும்தான். நான்கு அங்குல கனத்துக்கு இலைச்சருகு மூடாக்கு இட்டால் இந்த உதிர்வு குறையும்.

ரம்புட்டான் விதைக்கன்றாக இருந்தால், அது ஆண் மரமாக இருக்க ஏறத்தாழ சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆண் மரம் எத்தனை ஆண்டு காத்தாலும் காய்க்காது. அதை வெட்ட வேண்டியதில்லை. தரைக்கு மேல் மூன்றடியில் மட்டம் தட்டி, வரும் புதுத் துளிரில் காய்க்கும் மரத்திலிருந்து எடுத்த மொட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

மஞ்சள் பேஷன் ஃப்ரூட் கொடி பந்தல் நிறையப் பூத்தும் காய்க்காததற்கு அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதது காரணம். வேறொரு விதையிலிருந்து வந்த கொடி அருகில் வேண்டும். மரக்கட்டையில் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டு (தச்சுத் தேனீ) தான் அதன் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது. அது வராத தெருக்களில், பூ திறக்கும் நண்பகலுக்குப் பின் ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் விரலால் தடவிவிடுங்கள். ஊதா நிறப் பழம் தரும் வகை குளிர்மலைக்கு உரியது. சென்னையில் மஞ்சளே நம்பத்தக்கது.

கமலா ஆரஞ்சு பழுக்காமல் பச்சையாகவே இருக்கிறது

பழுத்துவிட்டது, நிறம்தான் மாறவில்லை. தோலின் பச்சையம் மறைய இரவுக் குளிர் வேண்டும். சென்னையின் மார்கழி இரவுகள் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. நிறத்துக்குக் காத்திருந்தால் உள்ளே சுளை சக்கையாகிவிடும். கையில் எடை கூடி, தோல் சற்றுத் தளர்ந்ததும் ஒன்றைப் பறித்துச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புயலுக்குப் பின் இலையெல்லாம் போய்விட்டது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபின் நகரில் மொட்டையாக நின்ற பல மரங்கள் தாமாகவே மீண்டும் துளிர்த்தன. ஆகவே இலை இல்லாததைக் கண்டு அஞ்ச வேண்டாம். கிளையை நகத்தால் கீறிப் பார்த்து, பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். சாய்ந்த இளமரத்தை ஓரிரு நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து, மேற்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கடலோர வீடுகளில் எஞ்சிய இலைகளை நல்ல நீரால் கழுவிவிடுங்கள். துளிர் முற்றி இலையாகும் வரை உரம் வேண்டாம். ஆனால் இலை நிழலை இழந்த பட்டைக்கு உடனே சுண்ணாம்பு பூச வேண்டும்; டிசம்பரில் தெரியாத வெயில் பிப்ரவரி இறுதியில் பட்டையை வெடிக்கச் செய்யும்.

மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் பூக்கவே இல்லை

விதையிலிருந்து வளர்த்த மங்குஸ்தானும் வெண்ணெய்ப்பழமும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்வது இயல்பு. ரம்புட்டானுக்குப் பூக்கும் முன் ஒரு மாத அளவுக்கு வறட்சி தேவை; தை, மாசியில் நாள்தோறும் நீர் ஊற்றினால் அது இலையாகவே தள்ளும். ஆகவே இவற்றில் பொறுமையும் நீர்க்கட்டுப்பாடும் பயன் தரும்.

லிச்சியும் ஆப்பிளும் அப்படியல்ல. பீகாரின் முசாஃபர்பூர் லிச்சிக்கும், டிசம்பரையொட்டிப் பழம் தரும் குடகு, வயநாட்டு லிச்சிக்கும் பூக்க வாரக்கணக்கில் குளிர்ந்த இரவுகள் கிடைக்கின்றன. சென்னையில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவு என்பது மிக அரிது. எந்த உரமும், எந்தக் கவாத்தும், ஐஸ் கட்டியை வேரில் கொட்டுவதும் அதற்கு ஈடாகாது. இமாச்சலப் பிரதேசத்தில் உருவான எச்.ஆர்.எம்.என். 99 போன்ற குறைகுளிர் ஆப்பிள் சமவெளிக்கும் ஏற்றது என்று சொல்லப்பட்டாலும், சென்னையில் அதை நம்பி இடம் ஒதுக்குவது நல்லதன்று. இந்தோனேசியாவின் பாத்து ஊரில் இலையைக் கையால் உருவி ஆப்பிள் காய்க்க வைக்கிறார்கள் என்பது மெய். ஆனால் அந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

லிச்சிக்காகக் காத்திருக்கும் கொல்லையில் அந்த இடத்தை வேறொரு மரத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. லிச்சியின் சுவையையே விரும்புகிறவர்கள், குளிரை எதிர்பாராமல் பூக்கும் டயமண்ட் ரிவர் என்னும் லாங்கன் (லிச்சியின் உறவுப் பழம்) ரகத்தின் ஒட்டுக்கன்றைத் தேடி வாங்கலாம். பழைய மரத்தின் வேரைத் தோண்டி எடுத்த பின், மண்ணை ஒரு மாதம் ஆறவிட்டு, தை மாதத்தில் மேட்டின்மேல் நடுங்கள். வெயில் முதிர்வதற்குள் வேர் பிடிக்க அது இரண்டு மாதம் கொடுக்கும். மேற்கில் கட்டும் நிழல்வலையை ஆடி முடியும் வரை அவிழ்க்காமல் வையுங்கள்.